கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ்

அன்று காலை ஆய்வகத்தின் செல் அறையில் இருந்தவர்கள் ஐந்தே பேர். முதலாமவர், மீடியா அறைக்குப் பொறுப்பான அம்மாள். அந்தக் கட்டடமே அவரை மீடியாக்காரம்மா என்றுதான் கூப்பிடும். இரண்டாமவர், செல் அறைக்குப் பொறுப்பான இன்னோர் அம்மாள். மீடியாக்காரம்மாவுக்கு அவர் சம்பந்தி. மகளை அவர் வீட்டில்தான் கொடுத்திருக்கிறார். மூன்றாவது, அந்தச் சம்பந்தியின் மகன், அதாவது மாப்பிள்ளை. கட்டடத்துக் கருவிகளையெல்லாம் ஓடவைக்கும் இன்ஜினியர். நான்காவது இயக்குநர். ஐந்தாவது ஸ்டோர்காரர். ஒரு சேதி காதில் விழுந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் அதை மாடிவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். இவர்களைத் தவிர ஈ காக்கைகூட அங்கே இல்லை. கூடவே நின்று பார்த்ததாக வராந்தாவில் இன்றைக்கும் கதை சொல்கிறவர்கள் எல்லாம் ரேடியோவைக் கேட்டவர்கள்.

நடந்தது இதுதான். செல்கள் மறுபடியும் செத்துப்போயிருந்தன.

அந்த ஆய்வகத்துக்குச் செல் வளர்ப்பதுதான் தொழில். புதிதாக வரும் ஒரு மருந்தை மனித உடம்பில் ஏற்றுவதற்கு முன்னால் உயிருள்ள செல்களில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் செல்கள் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகளின் அடியில் ஒட்டிக்கொண்டு வளரும். அவை மூழ்கிக் கிடக்கும் சிவப்புத் திரவத்துக்குத்தான் மீடியா என்று பெயர். சர்க்கரை, உப்பு, வைட்டமின், அமினோ அமிலம் எல்லாம் அளவாகக் கலந்த நீர். செல்லுக்குச் சாப்பாடும் அதுதான், வீடும் அதுதான். அது சரியாக இருந்தால் யாரும் பேசமாட்டார்கள். செல் செத்தால் முதல் பேச்சு அதைப் பற்றித்தான் வரும்.

மீடியாக்காரம்மாவின் கையைப் பற்றி அதுவரை யாரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசியதில்லை. பேச இடம் கொடுத்ததும் இல்லை. தூளைச் சுத்த நீரில் கரைக்கும்போது அவசரப்படமாட்டார், சூடு காட்டவும் மாட்டார். சூடு பட்டால் வைட்டமின் போய்விடும். அதே காரணத்தால் கொதிக்கவைத்துக் கிருமியைக் கொல்லவும் முடியாது. கிருமி நுழைய முடியாத வடிகட்டி வழியாகத்தான் இறக்க வேண்டும். அமில-கார அளவான pH-ஐ வேண்டியதற்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்திவைப்பார். வடிகட்டியில் இறங்கும்போது அது தானாகவே ஏறி உரிய இடத்துக்கு வந்துவிடும் என்பது அவர் கைக்குத் தெரியும். புட்டிகளைக் கழுவும் இடத்தில் சோப்பு வாசனை அடித்தாலே முகம் சுளிப்பார். ஒவ்வொரு தடவை தயாரிக்கும்போதும் ஒரு புட்டியை வெப்பப் பெட்டியில் வைத்து, கலங்குகிறதா என்று பார்ப்பார். இன்னொரு புட்டியைத் தன் அறை ஃப்ரிட்ஜிலேயே தனியாக எடுத்துவைப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் சாட்சிப் புட்டி. நாளைக்கு யாராவது ஒரு சொல் சொன்னால் எடுத்து நீட்டுவதற்கு.

அந்தச் சொல் வந்தேவிட்டது.

"மேடம், இது மூணாவது தடவை," என்றார் இயக்குநர். நல்ல மனிதர்தான், ஆனால் தலைவலி எதனால் என்று தேடுவதைவிடத் தலையை மாற்றிவிடலாம் என்று நினைக்கிற ரகம். "வெளியில ரெடிமேடா வர்ற மீடியாவுக்கு மாறிடலாம்னு இருக்கேன். உங்க ரூமை வேற எதுக்காவது எடுத்துக்கலாம். உங்களுக்கும் இத்தனை சிரமம் இருக்காது."

"மாறுங்க சார், வேணாங்கலை," என்றார் மீடியாக்காரம்மா. "ஆனா என் மீடியா கெட்டுப்போச்சுன்னு காரணம் சொல்லி மாறக் கூடாது. அது கெடலை."

"கெடாமலா செல்லெல்லாம் செத்து மிதக்குது?" என்றார் ரேடியோ.

மீடியாக்காரம்மா மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "ஸ்டோர்காரருக்கு இங்க என்ன வேலை?"

"கையுறைப் பெட்டி குடுக்க வந்தேம்மா."

"குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

"அப்புறம்?"

"சும்மா நிக்கறேம்மா," என்று சொல்லிவிட்டு ரேடியோ நின்றுகொண்டேதான் இருந்தார்.

சம்பந்தியம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் பேசாததுதான் மீடியாக்காரம்மாவை அறுத்தது. முதல் தடவை செல் செத்ததிலிருந்தே இரண்டு வீட்டிலும் இப்படித்தான். ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. குரலை உயர்த்தவில்லை. மாறாக, பேச்சில் மரியாதை கூடிக்கொண்டே போனது. முந்தின வாரம் மகள் தொலைபேசியில் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அம்மா, இங்க எல்லாரும் எங்கிட்ட ரொம்ப நல்லபடியா நடந்துக்கறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"நீ பயப்படாத. உன் மாமியார் நல்லவங்க."

"அதான்ம்மா பயம். திட்டினாகூட நிம்மதியா இருக்கும். நேத்து அத்தை என் தட்டை அவங்களே கழுவி வச்சாங்க."

மகள் தலைநிமிர்ந்து நடக்க வேண்டிய வீட்டில் தாயின் தொழிலால் ஒரு குறை வந்து சேர்ந்துவிட்டால், பிறகு எத்தனை சீர் செய்தாலும் அது அழியாது. மீடியா அறையின் சாவியைப் பிடுங்கினால் வேறு வேலை பார்க்கலாம். கெட்ட மீடியா கொடுத்தவளின் மகள் என்ற பேச்சை எந்தச் சாவி போட்டுப் பூட்டுவது?

இயக்குநர் மேசையில் விரலால் தட்டினார். "கெடலைன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"சாட்சிப் புட்டிய வச்சு. போன வாரம் அதுலேருந்து கொஞ்சம் சம்பந்தி கையிலயே குடுத்தேன். அவங்களே ஊத்தினாங்க. என்ன ஆச்சுன்னு அவங்களே சொல்லட்டும்."

எல்லோரும் சம்பந்தியம்மாவைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "வளந்துது சார். நல்லா பரவி வளந்துது. அதே தடவை தயாரிச்ச மீடியாதான். அதே நாள்ல இங்க இருந்த புட்டியிலேருந்து ஊத்தினதெல்லாம் செத்துப்போச்சு."

"அப்படின்னா விஷயம் சுலபமாச்சே," என்று இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மீடியா சரி. இந்த ரூம்லதான் தப்பு. எங்கயோ கை சரியில்லை."

சம்பந்தியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளை தாயைப் பார்த்தார். வாசல் பக்கம் ரேடியோவின் கண் ஒரு சுற்றுப் பெரிதானது.

அந்த நிமிடத்தில் மீடியாக்காரம்மா செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். பெயர் தப்பியது, அறையும் தப்பியது. ஆனால் பெண் கொடுத்த வீட்டின் கையைப் பழிக்கவிட்டுத் தன் கையைக் கழுவிக்கொள்ளும் வழக்கம் அவர் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. அது இருக்கட்டும். அந்தப் பேச்சு உண்மையும் இல்லை. சம்பந்தியம்மா வேலை செய்வதை அவர் எத்தனையோ தடவை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறார். குடுவையின் மூடியைத் திறந்த கை அதைக் கீழே வைக்காது. திறந்த வாயின் மேலே முழங்கை போகாது. செல்களின்மேல் நேராக ஊற்றாமல் குடுவையின் எதிர்ச்சுவரில் ஒழுகவிட்டு, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போடுவதுபோல் மூடுவார். அந்த வீட்டில் பெண் கொடுக்கலாம் என்று மீடியாக்காரம்மா முடிவு செய்ததே அந்தக் கையைப் பார்த்துத்தான். ஜாதகம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

"சம்பந்தி கையில குறை இல்லை சார்," என்றார்.

"மேடம், மீடியாவும் சரி, கையும் சரின்னா..."

"சரின்னா சரிதான் சார். மூணாவதா ஏதோ இருக்கு. அது எதுன்னு பாக்காம ரூமைப் பூட்டினீங்கன்னா, வெளியிலேருந்து வர்ற மீடியாவும் இங்க வந்து சாகடிக்கத்தான் போகுது. அப்ப யார் ரூமைப் பூட்டுவீங்க?"

இயக்குநர் மேசைமேல் இருந்த விரலை எடுத்துக்கொண்டார். ரேடியோ மட்டும் "அதுவும் சரிதானே" என்றார், யாருக்கும் கேட்காதபடி.

மீடியாக்காரம்மா நாற்காலியை இழுத்துச் சம்பந்தியின் எதிரே போட்டு உட்கார்ந்தார். "சம்பந்தி, ஒண்ணொண்ணா சொல்லுங்க. எது செத்துது, எது பிழைச்சுது?"

"சாட்சிப் புட்டிய விட்டா எல்லாமே செத்துது. ஒண்ணே ஒண்ணு மட்டும்..." சம்பந்தியம்மா எழுந்து போய் வெப்பப் பெட்டியின் மூலையிலிருந்து ஒரு குடுவையைக் கொண்டுவந்தார். நுண்ணோக்கியின் கீழே வைத்தார். மீடியாக்காரம்மா குனிந்து பார்த்தார். செல்கள் ஒன்றோடொன்று கைகோத்துத் தரை தெரியாமல் பரவிக் கிடந்தன.

"இது மட்டும் எப்படிப் பிழைச்சுது?"

"அதைத்தான் நானும் யோசிச்சுப் பாக்கறேன். அதே மீடியா, அதே நாள், அதே கை."

"அதே புட்டியா?"

சம்பந்தியம்மா தயங்கினார். கொஞ்சம் கூச்சப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். "இல்லை. இதுக்கு ஊத்தினது ஃப்ரிட்ஜோட அடியில இருக்கற மூடின இரும்பு டிராயர்ல இருந்த புட்டி. மேல் தட்டுல இடம் பத்தலை, ஒண்ணை மட்டும் டிராயருக்குள்ள போட்டிருந்தேன். சம்பந்தி குடுத்த மீடியாவை டிராயர்ல போட்டுட்டாங்கன்னு நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"நான் எதையும் எடுத்துக்கலை," என்றார் மீடியாக்காரம்மா. ஆனால் அவர் பார்வை சம்பந்தியைத் தாண்டிச் சுவரோரம் போய் நின்றுவிட்டது.

சுவரோரம் அந்த ஃப்ரிட்ஜ் நின்றது. ஆளுயரக் கண்ணாடிக் கதவு. உள்ளே மேலிருந்து கீழ்வரை குழல் விளக்கு. கதவு மூடியிருந்தாலும் அணையாத விளக்கு. அந்த வெளிச்சத்தில் சிவப்புப் புட்டிகள் நகைக்கடையில் அடுக்கினதுபோல் வரிசையாகப் பளபளத்தன. கட்டடத்துக்கு யார் வந்தாலும் முதலில் அதன் முன்னால் நின்று ஒரு "ஆஹா" போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். ஆஹா போடுகிறவர்களுக்காகவே சம்பந்தியம்மா முன்வரிசை எப்போதும் நிறைந்திருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

அது வந்த கதை இரண்டு குடும்பத்துக்கும் தெரியும். கல்யாணம் முடிந்த கையோடு ஒருநாள் மீடியாக்காரம்மா இந்த அறைக்கு வந்தார். அப்போது புட்டிகள் இருந்தது ஒரு பழைய இரும்புக் கதவு ஃப்ரிட்ஜில். கதவு நசுங்கியிருக்கும், மூடுவதற்கு ஓர் உதை கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு மீடியாக்காரம்மா சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: "என் பொண்ணுக்கு வெளிச்சமா நல்ல ரூம் குடுத்திருக்கீங்க சம்பந்தி. என் புட்டிங்களுக்குத்தான் இந்த இருட்டுக் கொட்டடி." விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் சம்பந்திமார் நடுவில் விளையாட்டுப் பேச்சு என்று ஒன்று உண்டா? மாப்பிள்ளை காதில் அது விழுந்தது. அலைந்து திரிந்து, இயக்குநரைக் கரைத்து, இந்தக் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்து நிறுத்தினார். முதல் நாள் மாமியாரை அழைத்துவந்து விளக்கைப் போட்டுக் காட்டினார். மீடியாக்காரம்மாவுக்கு அன்றைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இப்போது அவர் எழுந்து போய் அதன் முன்னால் நின்றார். வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

மீடியாவில் ரிபோஃப்ளேவின் என்று ஒரு வைட்டமின் உண்டு. அதற்கு வெளிச்சம் ஆகாது. நாள்கணக்கில் விளக்கடியில் கிடந்தால், அது மற்றச் சத்துகளோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கிவிடும். காயத்தில் ஊற்றினால் நுரை பொங்குமே, அதே சாமான். மீடியா கலங்காது. நாற்றம் வராது. சிவப்பு சிவப்பாகவே இருக்கும். செல் மட்டும் செத்துப்போகும். இது அவருக்குத் தெரியாததல்ல. தூள் டப்பாவின் மேலேயே வெளிச்சத்தில் வைக்காதே என்று அச்சடித்திருக்கும். தன் அறையில் அவர் ஒரு புட்டியைக்கூட வெளிச்சத்தில் விட்டவர் அல்ல. சம்பந்தியம்மாவுக்கும் அது பாலபாடம்.

"சம்பந்தி," என்றார் திரும்பாமலே. "இந்த விளக்கை நீங்க அணைக்கறதே இல்லையா?"

"வந்த புதுசுல ஒருதரம் அணைச்சேன். அன்னிக்குப் பாத்து நீங்க வராந்தாவுல போனீங்க. கண்ணாடி வழியா பாத்துட்டு, 'என்ன சம்பந்தி, அதுக்குள்ள இருட்டாக்கிட்டீங்களா'ன்னு கேட்டீங்க. அப்புறம் நான் அதுல கையே வைக்கலை."

"வெளிச்சம் ஆகாதுன்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணிச்சு. ஃப்ரிட்ஜு விளக்குதானே, இத்தனூண்டு வெளிச்சம் என்ன பண்ணிடப்போகுதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். புட்டியும் முன்ன மாதிரி உடனுக்குடன் தீர்றதில்லை, முன்வரிசையில நாள்கணக்கா நிக்குது. உங்ககிட்ட வந்து விளக்கை அணைக்கட்டுமான்னு கேக்கவும் வாய் வரலை. உங்களுக்குத் தோணலையா?"

"எனக்கா?" மீடியாக்காரம்மா ஒரு மூச்சு விட்டார். "எனக்கு இது அழகாத்தான் தெரிஞ்சுது."

மாப்பிள்ளைக்கு இப்போதுதான் விஷயம் முழுவதும் ஏறியது. "அத்தை... அப்ப இது நான் பண்ணின வேலையா? நான்தானே இதைக் கொண்டாந்து வச்சேன்?"

வாசலில் ரேடியோ அரை அடி முன்னால் நகர்ந்தார்.

"மாப்பிள்ளை, நீங்க வச்சீங்க. வைக்கச் சொன்ன வாய் என் வாய்," என்றார் மீடியாக்காரம்மா. குரலில் நடுக்கமோ குழைவோ இல்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் சொன்னார். "இருட்டுல இருக்குன்னு குறை சொன்னவ நான். அதுக்காக ஓடினது நீங்க. அதை அணைக்காம காப்பாத்தினது உங்கம்மா. இதுல உங்க வீட்டு மேல ஒரு குத்தமும் கிடையாது. ஸ்டோர்காரரே, கேட்டுக்கிட்டீங்களா? மாடியில சொல்லும்போது இந்த வரியை விட்டுடாதீங்க."

ரேடியோ கையுறைப் பெட்டியைப் பார்த்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு மேடம்," என்றார் இயக்குநர். "ஆனா நிரூபிக்கணுமே."

"நிரூபிக்கிறேன். என் கை படாது. சம்பந்தியே பண்ணட்டும். ஒரே செல்லு. மேல் தட்டுப் புட்டியிலேருந்து பாதிக் குடுவைக்கு, எங்கிட்ட இருக்கற சாட்சிப் புட்டியிலேருந்து மீதிக்கு. எது எதுன்னு அவங்களுக்கே தெரிய வேணாம். ஒட்டுச்சீட்டை நீங்களே மறைச்சுக் குடுங்க. நான் சொன்னது தப்புன்னா சாவியை நானே உங்க மேசையில வச்சுடறேன்."

"அவ்ளோ நம்பிக்கையா?"

"மீடியா என்னுது, கை அவங்களுது. இதுல நம்பறதுக்கு என்ன சார் இருக்கு?"

சம்பந்தியம்மா அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார். "கையுறையை நீட்டுங்க," என்றார் ரேடியோவிடம். "சும்மா நிக்கறதுக்கு அதையாவது பண்ணுங்க."

இயக்குநர் புட்டிகளின் ஒட்டுச்சீட்டுகளைத் தாளால் சுற்றி மறைத்தார். சம்பந்தியம்மா வடிகட்டிய காற்று வீசும் மேடையின் முன்னால் உட்கார்ந்து ஊற்றினார். மீடியாக்காரம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். மூடி கீழே வைக்கப்படவில்லை. முழங்கை மேலே போகவில்லை. எதிர்ச்சுவரில் ஒழுகி மீடியா குடுவையின் அடியை மூடியது. பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஏனோ மகளின் நினைவு வந்தது. இந்தக் கை கழுவிவைத்த தட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று அன்று மாலையே அவளுக்குச் சொல்லிவிட்டார்.

முடிவுக்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இயக்குநரே நுண்ணோக்கியில் பார்த்தார். சில குடுவைகளில் செல்கள் உருண்டு சுருங்கி, தரையை விட்டுவிட்டு மிதந்தன. மற்றவற்றில் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. தாளைப் பிரித்தார்கள். மிதந்தவை எல்லாம் மேல் தட்டு. நின்றவை எல்லாம் சாட்சிப் புட்டி. ஒன்றுகூட மாறவில்லை.

இயக்குநர் தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டார். "ரெடிமேட் பேச்சை விட்டுடலாம்," என்றார்.

"நல்லது சார்," என்றார் மீடியாக்காரம்மா. ஜெயித்துவிட்டு நின்று பேசுவது அந்தக் குடும்பத்து வழக்கமல்ல.

மேல் தட்டுப் புட்டிகள் அத்தனையையும் சம்பந்தியம்மாவும் அவரும் சேர்ந்து நின்று கொட்டினார்கள். சிவப்பு மீடியா தொட்டியில் சுழன்று இறங்கியபோது, "கல்யாணத்துக்கு இவ்வளவு கொட்டலை நாம," என்றார் சம்பந்தியம்மா. "அதான் இப்ப சேர்த்துக் கொட்டறோம்," என்றார் மீடியாக்காரம்மா. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, கை ஆடி, கொஞ்சம் தரையிலும் சிந்தியது. கண்ணாடிக் கதவுக்குள் மாப்பிள்ளை கறுப்புத் தாளை ஒட்டினார். இப்போது விருந்தாளிகள் அதன் முன்னால் நிற்பதில்லை. உள்ளே இருக்கும் புட்டிகள் சௌக்கியமாக இருக்கின்றன. மகள் தன் தட்டைத் தானே கழுவுகிறாள்.

மீடியாக்காரம்மா வெறி பிடித்ததுபோல் செல் அறைக்குள் பாய்ந்து, சம்பந்தி வீட்டு ஃப்ரிட்ஜின் விளக்கை அடித்து நொறுக்கிவிட்டார் என்றும், அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றும் வராந்தாவில் ஒரு கதை உலவுகிறது. விளக்கு உடைக்கப்படவில்லை, கழற்றப்பட்டது. ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தவர் மாப்பிள்ளை. மீடியாக்காரம்மா ஏறி நின்ற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவர் சம்பந்தி. விளக்கு ரேடியோவின் ஸ்டோரில், மூன்றாவது அலமாரியில், ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. கழற்றியதும் கையில் வாங்கிக்கொண்டுபோய் அங்கே வைத்தவர் அவரேதான்.